அடிப்பருப்பு

மூன்றாவது விசில் இன்னும் வரவில்லை. இரண்டு வந்தாயிற்று. இரண்டாவது பாதியிலேயே இருமிக்கொண்டு அடங்கிப்போனது, அதை ஒன்று என்று எடுப்பதா அரை என்று எடுப்பதா தெரியவில்லை. மூடியின் ரப்பர் வளையம் தளர்ந்துவிட்டது, மாற்ற வேண்டும், மாற்ற வேண்டும் என்று சொல்லிச் சொல்லியே தீபாவளி போய்ப் பொங்கலும் போய்விட்டது, ஆவி பக்கவாட்டில் கசிந்து சுவரில் ஈரமாக ஏதோ ஒரு ஊரின் வரைபடத்தைப் போட்டிருக்கிறது. பாப்பா பாயில் குப்புறக் கிடந்து அதன் ஓரத்தைக் கடிக்கிறாள். கீழே இரண்டு பல், மேலே ஒன்று இப்போதுதான் எட்டிப் பார்க்கிறது. கோரைக்கு என்ன ருசி இருக்கும்? ஆனால் விட மாட்டேன் என்கிறாள், ஒரு நாரை இழுத்து, அறுத்து, துப்பி, மறுபடி அதே இடத்துக்குப் போகிறாள். கடி, கடி. பத்து மணிக்கு அங்கன்வாடியில் எடை. ஒன்பதரைக்கு நாத்தனார் நாகவேணி அண்ணி வந்துவிடுவார். ராயக்கோட்டையில் பஸ் ஏறி, பையை மடியில் வைத்துக்கொண்டு, கம்பியைப் பிடிக்காமல் நேராக உட்கார்ந்திருப்பார், அவர் எங்கேயும் அப்படித்தான் உட்காருவார், கேட்டு வாங்க வந்தவர் மாதிரி இல்லாமல் எடுத்துப் போக வந்தவர் மாதிரி. முனிராஜ் ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது ஷூவின் கயிற்றைக் கட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், “அக்கா வரும். கூட்டிட்டுப் போயி எடை போட்டுட்டு வாங்க” என்றார். அதற்கப்புறம் என்ன என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் தெரியும். போன மாதம் தராசு முள் நின்ற இடத்தை இந்த மாதம் தாண்டவில்லையென்றால் பாப்பா அண்ணியோடு ராயக்கோட்டை போகிறாள். ஆறு மாதத்துக்கு. ஆறு மாதம் என்பது பேச்சுக்கு.

ஏன் ஏறவில்லை என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை. சாப்பிடாத பிள்ளையா இவள்? கிண்ணத்தைப் பார்த்தாலே கையைக் காலை உதறுவாள். காலையில் கேழ்வரகுப் பால். முதல் நாளே ஊறவைத்து, அரைத்து, வெள்ளை வேட்டித் துணியில் மூன்று முறை பிழிந்து, பிழிந்த பாலைத் தொண்டையில் சிக்காமல் இறங்கும்படி தண்ணீராகக் காய்ச்சிக் கொடுக்கிறேன், துணியில் நிற்கிற சக்கையை வீணாக்காமல் முருங்கைக் கீரை போட்டு எங்களுக்கு அடை தட்டிவிடுகிறேன். மதியம் பருப்புத் தண்ணி. மாலை கேரட்டை வேகவைத்த தண்ணி. மூன்று வேளையும் சட்டிச் சட்டியாகக் குடிக்கிறாள். குடித்து முடித்ததும் வயிறு மத்தளம் மாதிரி நிற்கும், தட்டிப் பார்த்தால் டொப்பென்று கேட்கும், அப்போது ஒரு நிறைவு வரும் எனக்கு, இன்றைக்குப் போதும், இன்றைக்கு ஜெயித்துவிட்டேன் என்று. ஒரு மணி நேரத்தில் அழுவாள். காலையிலிருந்து நான்கு துணி நனைத்துவிட்டாள். கொடியில் வரிசையாகத் தொங்குகின்றன, ஓசூர் குளிருக்கு மதியம் வரை காயாது, ஈரத் துணியைத் தாண்டித்தான் வாசலுக்குப் போக வேண்டும், முகத்தில் படும்போதெல்லாம் பாப்பா வாசனை. குடித்ததெல்லாம் துணிக்குப் போகிறது என்று ஒருநாள் விளையாட்டாக முனிராஜிடம் சொன்னேன். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அதில் சிரிக்க என்ன இருந்தது? ஏதோ ஒன்று அந்தச் சொல்லில் காலை இடறுகிறது, என்னவென்று பார்க்கக் குனிந்தால் காணவில்லை. அலமாரியில் அண்ணி வாங்கிவந்த மாவு டப்பா இருக்கிறது. அதன் மேல் ஒரு குழந்தை. தொடையில் மூன்று மடிப்பு, கன்னம் கையில் தாங்கவில்லை, யாரைப் பார்த்துச் சிரிக்கிறது என்று தெரியவில்லை, எந்த மூலையில் நின்றாலும் என்னைப் பார்த்தே சிரிக்கிறது. நான் டப்பாவைத் திறக்கவில்லை. இது தீர்ந்தால் அடுத்தது யார் வாங்குவது? பிள்ளையின் நாக்கை நம்மால் எட்ட முடியாத உயரத்துக்குப் பழக்கிவிட்டு அப்புறம் கீழே இறங்கு என்று அதட்டுவதா? இந்த வீட்டில் வேகிறதை இவள் தின்பாள், இந்த வீட்டில் வேகிறதில் இவள் வளர்வாள். அப்படித்தான் சொன்னேன், டப்பாவை நீட்டிய அன்றைக்கு, அண்ணியின் முகத்துக்கு நேராக. சொன்ன வாய் இன்னும் சுடுகிறது. சொல்லி ஒரு மாதம் ஆகிறது.

போன மாதம் எடை போட்ட நாள் நல்ல நாள்தான். முந்தின நாள்தான் குலதெய்வம் கோயிலில் மொட்டையடித்துக் காது குத்தினோம், அத்தை முறைக்கு அண்ணி வெள்ளியில் அரைஞாணும் கொலுசும் போட்டார். கொலுசு சன்னமானதில்லை, முத்து முத்தாகக் கனமானது, பாப்பா காலை உதைத்தால் சலங்கை கட்டிய கன்றுக்குட்டி மாதிரி கேட்கும். அந்தக் கோலத்தோடேயே மறுநாள் அங்கன்வாடிக்குத் தூக்கிப் போனோம். அண்ணிதான் தராசுத் துணியில் இறக்கிவிட்டார். முள் ஆடியது, ஆடியது, ஆறு கிலோ அறுநூறில் நின்றது. டீச்சர் எடை அட்டையில் புள்ளி வைத்தார். மஞ்சளில் விழுந்தது. பச்சை மேலே, சிவப்பு கீழே, நடுவில் ஒரு மஞ்சள் வாய்க்கால், அதில் என் பெண். “பத்து மாசத்துக்குப் பத்தாதும்மா, கவனிச்சுக் குடு” என்றார் டீச்சர். அவர் அதட்டவில்லை. அதட்டியிருந்தால் தேவலை. வீட்டுக்கு வந்து அண்ணி கையைக் காலைக் கழுவிக்கொண்டு, தம்பியை எதிரில் உட்காரவைத்து, என்னை அடுப்படியில் விட்டுவிட்டுப் பேசினார். “டேய் முனி, எனக்கு ரெண்டு மாடு கறக்குது. வீட்ல தின்ன ஆளில்ல. அவளக் கொற சொல்லல. அவளுக்குப் பால் வத்திப்போச்சு, கையில காசு சேர்மானம் இல்ல, ஒத்தப் பொம்பள என்ன பண்ணுவா? அடுத்த மாசமும் ஏறலன்னா பாப்பா ஆறு மாசம் எங்கிட்ட இருக்கட்டும்.” அம்மா இறந்தபோது முனிராஜுக்கு இரண்டு வயது. பன்னிரண்டு வயது அக்கா இடுப்பில் வைத்து வளர்த்தாள், பள்ளிக்கூடம் நின்றாள், கல்யாணம் தள்ளினாள். அந்த இடுப்புக்கு எதிராக அவரால் ஒரு வார்த்தை பேச முடியாது. தலையும் ஆட்டவில்லை. வெறுமனே தரையைப் பார்த்தார். எங்கள் பக்கத்தில் தரையைப் பார்த்தால் சரி என்று அர்த்தம்.

அண்ணி கெட்டவர் என்று நினைத்துக்கொள்ள முயன்றிருக்கிறேன், நினைத்தால் சுலபமாக இருக்கும். முடியவில்லை. நாற்பது வயதில், மடியில் ஒன்று இல்லாமல், பாப்பாவின் உள்ளங்காலை எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டவரை எப்படிக் கெட்டவர் என்பது? மார்க்கெட்டில் சாமந்தி கட்டுகிற விரல்கள், மஞ்சள் பாரித்து, நுனி வெடித்து. அந்த விரல்கள் பாப்பாவின் பாதத்தை விட மனமில்லாமல் பிடித்திருந்ததைப் பார்த்தேன். பார்த்தேன் என்பதற்காகக் கொடுத்துவிட முடியுமா? பசி எல்லோருக்கும் இருக்கிறது. அன்று மாலை அண்ணி போன பிறகு பாப்பாவைக் குளிப்பாட்ட வெள்ளியைக் கழற்றினேன். கழற்றியதும் கை சொன்னது. ஒரு கையில் பாப்பா, ஒரு கையில் வெள்ளி. பாப்பா சட்டென்று இலேசாகிவிட்டாள். கையில் இருந்த வெள்ளி கனத்தது. அப்படியென்றால் முள் காட்டியது பாப்பாவை மட்டும் இல்லை. ஆறு அறுநூறு கூட இல்லை அவள். நான் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு மாதமாகச் சொல்லவில்லை. ராத்திரி என் மேல் படுத்துத் தூங்கும்போது அந்தக் குறைந்த எடை அப்படியே என் மார்பில் இருக்கும், எனக்கு மட்டும் தெரிந்த எடை.

இப்போது அந்த வெள்ளியைப் போட்டுவைத்த டப்பா என் மடியில் இருக்கிறது. எப்போது எடுத்தேன்? துணிப் பெட்டியின் அடியில் இருந்தது, கை தானாகப் போயிருக்கிறது. பாப்பாவை இழுத்து ஒரு காலில் கொலுசைப் போட்டுவிட்டேன். உதைக்கிறாள். சலங். இன்னொன்றையும் போட்டு, அரைஞாணையும் கட்டி, கம்பளிச் சட்டையும் மாட்டினால், கிளம்புகிற நேரத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் புகட்டினால், முள் தாண்டிவிடும். யார் கழற்றச் சொல்லப்போகிறார்கள்? அத்தை போட்ட நகையோடுதானே பிள்ளை போக வேண்டும், அதுதானே முறை? அண்ணியே சந்தோஷப்படுவார். அவர் வெள்ளியாலேயே அவரைத் தோற்கடிக்கலாம். எவ்வளவு சுலபம். முனிராஜ் தரையிலிருந்து தலையை எடுப்பார், அண்ணி அடுத்த பஸ்ஸில் வெறுங்கையோடு போவார், பாப்பா இங்கேயே இருப்பாள், இந்தப் பாயில், இந்த ஓரத்தைக் கடித்துக்கொண்டு. அடுத்த மாதம்? அடுத்த மாதமும் இதே வெள்ளி. அதற்கடுத்த மாதமும். முள் நல்லபடியாக நிற்கும், பாப்பா அதற்கடியில் இளைத்துக்கொண்டே போவாள், யாரும் பார்க்க மாட்டார்கள், முள்ளைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பிள்ளையை யார் பார்க்கிறார்கள்? நான் மட்டும் பார்ப்பேன். கொஞ்ச நாளில் நானும் பார்க்காமல் பழகிவிடுவேன். சலங். ஒற்றைக் கால் கொலுசோடு பாப்பா என் முழங்காலைப் பிடித்து நிற்கப் பார்க்கிறாள், கால் துணிபோலத் துவள்கிறது, மடங்கி உட்காருகிறாள். பதினொரு மாதத்தில் பக்கத்து வீட்டுக் கிஷோர் நின்றான். வேண்டாம், கிஷோரை நினைக்க வேண்டாம். விசில். கிழிந்த விசில்தான், ஆனாலும் மூன்றாவது. அடுப்பை அணைத்தேன்.

மூடியைத் திறந்தால் முகத்தில் ஆவி அடிக்கிறது, பெருங்காயம் போடாத வெறும் பருப்பு வாசனை, எனக்கு அம்மா வீட்டை விட இந்த வாசனைதான் வீடு. ரேஷன் துவரம்பருப்பு. மேலே நான்கு விரல் தண்ணீர், மஞ்சள் கண்ணாடி மாதிரி. பருப்பு அடியில் குழைந்து கிடக்கிறது. கரண்டியைப் படுக்கவைத்து, ஆட்டாமல், மேலாக மொண்டு பாப்பாவின் கிண்ணத்தில் விடுகிறேன். ஆறு மாதமாக இதைச் செய்து செய்து கை தேறிவிட்டது, ஒரு பருப்புத் துணுக்குகூட வராது. “பல்லு மொளைக்காத புள்ளைக்குப் பருப்பு செரிக்காது, மாந்தம் கட்டிக்கும், மேலாப்புல தண்ணிய எடு, சத்தெல்லாம் அதுலதான் இறங்கியிருக்கும்” என்று அண்ணி காட்டிக்கொடுத்தார், ஒரே வரிசையில் ஒட்டிக்கட்டிய எங்கள் லைன் வீட்டில் ஆறு வாசலும் அதையே சொன்னது, என் அம்மாவும் போனில் அதையேதான் சொன்னாள். ஏழாம் மாதம் ஒருமுறை அவசரத்தில் பருப்பையும் சேர்த்துக் கொடுத்துவிட்டேன், மறுநாள் வயிற்றால் போனது, பாப்பாவின் கண் குழிவிழுந்ததைப் பார்த்து நான் போட்ட கூச்சலில் ஆறு வாசலும் திறந்தது. அன்றிலிருந்து ஒருநாள்கூடத் தவறாமல் கரண்டியைப் படுக்கவைத்துத்தான். அடியில் இருப்பது சாம்பாருக்கு. முனிராஜுக்குக் கெட்டியாக இருந்தால்தான் பிடிக்கும். கிண்ணத்தைக் கையில் எடுத்தேன். உள்ளே பார்க்கிறேன். கிண்ணத்தின் அடியில் பொறித்திருக்கிற என் பெயர் தெரிகிறது. கல்யாணத்தில் வந்த எவர்சில்வர் கிண்ணம். சுகந்தி. ஒவ்வொரு எழுத்தும் தெரிகிறது. பருப்புத் தண்ணி வழியாக, துணி துவைத்துக் கடைசியாக அலசின தண்ணீர் வழியாகப் பார்க்கிற மாதிரி. துணி. நான்கு துணி. குடித்ததெல்லாம் துணிக்கு. எங்கேயோ ஒரு கண்ணாடிக் குவளை, வெள்ளைக் கோட்டு, யாரோ என் காதருகில் கத்துகிறார்கள். “ஏம்மா, வேண்டியதக் கொட்டிட்டுத் தண்ணியப் பிடிச்சிக்கிட்டு நிக்கிற?” எஸ்தர் டீச்சர். பன்னிரண்டாம் வகுப்பு, வேதியியல் செய்முறை. உப்பைக் கரைத்து, இன்னொன்றைச் சொட்டு சொட்டாக விட்டு, அடியில் வெள்ளையாகப் படியும்வரை காத்திருந்து, படிந்ததும் பதற்றத்தில் அந்த வெள்ளையைத் தொட்டியில் ஊற்றிவிட்டு, மேலே நின்ற தண்ணீரைப் பத்திரமாகக் குவளையில் ஏந்திக்கொண்டு நின்றேன். வகுப்பே சிரித்தது. “கரையாதது அடியிலதானடி இருக்கும்! அதானடி நமக்கு வேணும்! தண்ணிய வச்சிக்கிட்டு என்ன பண்ணப்போற?”

என்ன பண்ணினேன் டீச்சர், ஆறு மாதமாகப் பிள்ளைக்குப் புகட்டினேன். மேலே நின்றதை அவளுக்கும் அடியில் படிந்ததை எங்களுக்கும். பிழிந்த தண்ணி அவளுக்கு, சக்கை எங்கள் அடைக்கு. கேரட் பொரியலுக்கு, கேரட் வெந்த தண்ணி அவளுக்கு. மாதம் முழுக்க அடுப்படியில் நின்று, கைக்கு எட்டியதிலேயே நல்லதைத் தேடித் தேடி வாங்கி, எனக்கு இல்லாவிட்டாலும் இவளுக்கு என்று சொல்லிச் சொல்லி, நல்லதையெல்லாம் நானே தின்றிருக்கிறேன். வயிறு மத்தளம் மாதிரி நின்றதே, அதில் என்ன இருந்தது? தட்டினால் டொப்பென்று கேட்டது. காலிக் குடம்கூட அப்படித்தான் கேட்கும். அழ வேண்டும் போலிருந்தது. அழவில்லை. அழுதால் அதற்குள் மணி ஒன்பதாகிவிடும். பாப்பா மறுபடி பாயின் ஓரத்துக்குப் போய்விட்டாள். கடி, கடி. அடி பாவி, ஒரு மாதமாகக் கடித்துக் கடித்துக் காட்டிக்கொண்டிருந்தாயா எனக்கு? கிண்ணத்துத் தண்ணீரைக் குக்கரிலேயே திருப்பி ஊற்றினேன். கரண்டியைச் செங்குத்தாக விட்டு அடியைச் சுரண்டி எடுத்தேன், கெட்டியாக, மொத்தையாக, கரண்டியைத் தலைகீழாகப் பிடித்தாலும் விழாத மாதிரி. உள்ளங்கை அளவு குழைந்த சோறு. முனிராஜின் சாம்பார் இன்றைக்குத் தண்ணீராக இருக்கும், இருக்கட்டும், அவருக்கு முப்பத்திரண்டு பல் இருக்கிறது, எதையாவது கடித்துக்கொள்வார். விரலால் மசித்தேன். சூடு விரல் நுனியில் ஏறியது. மாந்தம் கட்டினால்? கட்டட்டும் என்று சொல்ல வாய் வரவில்லை. ஏழாம் மாதத்துக் கண்குழி ஞாபகம் வந்து கை நின்றது. அன்றைக்குப் பருப்பு மசியாமல் அப்படியே போட்டேன், காலையில் வெந்ததை மாலையில் கொடுத்தேன், கிண்ணத்தைச் சுடுதண்ணீர் விட்டும் கழுவவில்லை. எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் பருப்பின் தலையில் பழியைப் போட்டுவிட்டு ஆறு வாசலும் மூடிக்கொண்டது. இப்போது விரலுக்கும் விரலுக்கும் நடுவில் உருட்டிப் பார்க்கிறேன், வெண்ணெயாக இருக்கிறது. ஆள்காட்டி விரலில் எடுத்து அவள் வாயருகே கொண்டுபோனேன். தண்ணிக்குப் பழகிய வாய் உறிஞ்சப் பார்த்தது. வரவில்லை. முகத்தைச் சுளித்தாள். நாக்கால் வெளியே தள்ளினாள். தள்ளியது தாடையில் வழிந்தது, அதை வழித்து மறுபடி உள்ளே வைத்தேன். இரண்டாவது தரம் நாக்கு யோசித்தது. யோசித்ததை நான் பார்த்தேன், கண் ஒரு பக்கமாக ஒதுங்கி, மூச்சு நின்று, ஏதோ வெகு தூரத்துச் சத்தத்தைக் கேட்கிற மாதிரி. தொண்டை அசைந்தது. அப்புறம் என் விரலைக் கடித்தாள். மூன்று பல்லும் இறங்கின. வலித்தது. எடுக்கவில்லை. இன்னொரு வாய், இன்னொரு வாய், என் கை மெதுவாகப் போகிறது என்று அவளே கிண்ணத்தில் கையை விட்டு ஒரு பிடி அள்ளி, வாயில் கொஞ்சம், மூக்கில் கொஞ்சம், காது குத்திய புண்ணுக்குப் பக்கத்தில் கொஞ்சம். பதினைந்து வாய் எண்ணினேன், அப்புறம் எண்ணவில்லை. அவள் காலைப் பார்த்தேன். அந்த ஒற்றைக் கொலுசு. எச்சில் கையாலேயே திருகாணியைக் கழற்றினேன். வெறும் காலோடு போகட்டும். இன்றைக்கு எவ்வளவு என்று எனக்குத் தெரிய வேண்டும். எனக்கே தெரியாவிட்டால் அடுத்த மாதம் எதை வைத்து ஏறினாள் என்பேன்?

குரல்தான் முதலில் வந்தது, ஈரத் துணிக்கு அந்தப் பக்கத்திலிருந்து. “ஏம்மா சுகந்தி, வாசல்லயே சுவரு கட்டிட்டியா? நொழைய வழியக் காணோம்.” துணியை ஒதுக்கிக்கொண்டு அண்ணி உள்ளே வந்தார். சாமந்தி வாசனையும் பஸ் வாசனையும் கூட வந்தன. “வாங்க அண்ணி.” பாப்பாவைப் பார்த்ததும் பை கையிலிருந்து நழுவியது. “இதென்னா இது, புள்ளயா, பூச்சு வேல பாக்கிற கொத்தனாரா? மூஞ்சியெல்லாம் என்னா?” “பருப்பு, அண்ணி.” “பருப்புத் தண்ணியா?” “இல்ல. பருப்பு.” “பல்லு மொளைக்காத புள்ளைக்கு...” “மூணு பல்லு இருக்குது.” “மூணு பல்லு இருக்குதுன்னா முறுக்கு வாங்கிக் குடேன்! மாந்தம் கட்டிக்கிச்சின்னா யாரு பதில் சொல்றது?” “நான்தான் சொல்லணும், நான் சொல்றேன்.” அவர் கண் பாப்பாவின் இடுப்புக்குப் போனது, காலுக்குப் போனது. எனக்கு நெஞ்சுக்குள் அந்தக் கிழிந்த விசில் மறுபடி அடித்தது. “காலு என்னா மொட்டையாக் கெடக்குது? கொலுசெங்க? அத்தக்காரி போட்டதுன்னு அவுத்து மூலையில போட்டுட்டியா? போட்டுவிடு, நாலு பேரு பாக்கிற எடம்.” கையைத் துடைத்துக்கொண்டு டப்பாவிலிருந்து எல்லாவற்றையும் எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். “எவ்ளோ இருக்கும், அண்ணி?” இருபது வருடமாக உதிரிப்பூ அளந்த கை, கேட்டால் சும்மா இருக்காது. தானாகவே ஏறி இறங்கியது. “நூத்தி இருவது கிராமு. நூத்தி முப்பது இருக்காது. ஏன் கேக்கற?” “போன மாசம் எடை போட்டப்ப இது அவ மேலதான் இருந்துச்சு.” கை அந்தரத்தில் நின்றது. வெளியே யாரோ குழாயடியில் குடத்தை வைத்தார்கள். “அப்ப...” “ஆமா. நீங்க நெனச்சதுக்கும் கொறைச்சல்தான்.” “அடி, இத்தன நாளா வாயத் தொறக்கலியே நீ?” “தொறந்திருந்தா அன்னைக்கே தூக்கிட்டுப் போயிருப்பீங்க.” “இன்னிக்கு மட்டும் உட்ருவேனா?” “விட மாட்டீங்க. நானும் குடுக்க மாட்டேன். முள்ளு எங்க வேணா நிக்கட்டும், அவ இங்கதான் இருப்பா.” இவ்வளவு சத்தமாகவா சொன்னேன்? பாப்பா வாயில் கையோடு என்னை நிமிர்ந்து பார்த்தாள். அண்ணி மெல்ல உட்கார்ந்தார். நேராக உட்காரவில்லை, முதல்முறையாகச் சுவரில் சாய்ந்தார். “உன் புருஷன நான் எதக் குடுத்து வளத்தேன்னு நெனச்ச? இதே பருப்புத் தண்ணிதான். செத்தா போயிட்டான்?” “அடியில இருந்தத யாரு சாப்பிட்டாங்க, அண்ணி?” யோசித்துக் கேட்டதில்லை, வாய்க்கு வந்துவிட்டது. அவர் பார்வை குக்கருக்குப் போனது. “எங்கப்பா” என்றார். அப்புறம், “பெரியண்ணன்.” “நீங்க?” அவர் வெள்ளியை முந்தானையில் முடிந்துகொண்டு எழுந்தார். “நேரமாச்சு. நட.”

கிண்ணத்தில் மிச்சம் இருந்ததை மூடி போட்ட டப்பாவில் வழித்து எடுத்துக்கொண்டேன். தெருவில் நான் முன்னால், அவர் பின்னால், அவர் முந்தானை முடிச்சில் கொலுசு மட்டும் அவர் நடைக்கு ஒலித்துக்கொண்டு வந்தது. பாப்பாவின் வெறும் கால் என் இடுப்பில் குளிர்ந்து கிடந்தது. பயமா? பயம்தான். ஆனால் பயத்தோடும் நடக்கத்தான் செய்கிறது கால். அங்கன்வாடியில் கூரைக் கொக்கியில் தராசு தொங்கியது. நான் சட்டையைக் கழற்றினேன், ஜட்டியையும் கழற்றினேன், கறுப்புக் கயிற்றோடு மட்டும் துணித் தொட்டியில் இறக்கினேன். இன்றைக்கு நானே இறக்கினேன். முள் ஆடியது. பாப்பா தொங்கியபடி எல்லோரையும் பார்த்துத் தாடையில் காய்ந்த பருப்போடு நாக்கை நீட்டினாள். முள் நின்றது. டீச்சர் குனிந்து பார்ப்பதற்குள் நான் படித்துவிட்டேன். சத்தமாகவே படித்தேன், வரிசையில் நின்றவர்களுக்கும் கேட்கட்டும். “ஆறு கிலோ ஐநூறு.” டீச்சர் அட்டையைப் புரட்டினார். “போன மாசம் ஆறு அறுநூறும்மா. நூறு கொறைஞ்சிருக்கே.” “அது வெள்ளியோட போட்டது, டீச்சர். இதுதான் வெறும் உடம்பு. இத எழுதுங்க.” “மஞ்சள்லயேதான் விழுது.” “விழட்டும். இவ்ளோ நாளு பருப்புத் தண்ணி குடுத்தேன், இன்னிலேர்ந்து பருப்பக் குடுக்கறேன். எழுதுங்க.” டீச்சர் என்னை ஒரு தரம் பார்த்தார், பேனா இறங்கியது, புள்ளி விழுந்தது. கடுகளவு புள்ளி. அது பொய் இல்லை. என் பெண் அங்கே இருந்தாள், கீழே, மஞ்சளில், அவள் இருக்கிற இடத்தில்.

வெளியே முருங்கை நிழலில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தேன். வாய் தானாகத் திறந்தது. அண்ணி நின்றுகொண்டே பார்த்தார், வெகு நேரம், பஸ்ஸை விட்டுவிடுகிற அளவுக்குப் பார்த்தார். நான் எழுந்து பாப்பாவை இடுப்பில் வைத்தபோது பையில் கைவிட்டுத் துழாவினார். தம்பிக்கென்று ஒவ்வொரு முறையும் கொண்டுவருகிற நெய்க்குப்பி, வாய்க்குத் துணி கட்டியது. “வெறும் பருப்பப் பெசஞ்சு குடுக்கறாளாம், பெரிய படிப்பு படிச்சவ. ஒரு சொட்டு நெய் உடணும்னு தெரிய வேணாம்? இது முனிக்கில்ல, அவன் கண்ணுல காட்டாத.” ஒரு கையில் நெய்யை நீட்டினார். இன்னொரு கையையும் நீட்டினார், விரல் விரித்து, மஞ்சள் பாரித்த விரல்கள். “குடு, வூடு வரைக்கும் நான் தூக்கியாரேன்.”

நெய்யை வாங்கிக்கொண்டேன். பாப்பாவை இடுப்பிலிருந்து இறக்காமல் நடந்தேன்.